ஒட்டிய மரம்

ஹாங்சோ ரயில் நிலையத்தில் மகளின் காதலன் லுவோ ஜியான் மின்சாரக் காரோடு வந்து நின்றபோதே ஷாவ் தெஹாய்க்கு அவனைப் பிடிக்கவில்லை. பையனைப் பார்த்து முடிவு சொல்லத்தான் ஊரிலிருந்து வந்திருந்தார். மகள் யிங் பின்னால் உட்கார, அவர் முன்னால் ஏறினார்.

வண்டி கிளம்பியதும் டேஷ்போர்டில் பதித்திருந்த மரத்தை நகத்தால் சுரண்டினார். மரம் உரிந்து வந்தது.

“என்னப்பா இது?”

“ஒட்டற கவர், மாமா” என்றான் ஜியான்.

“கதவுல இருக்கற தோல்?”

“அதுவும் ஒட்டினதுதான்.”

“பிளாஸ்டிக் மேல பிளாஸ்டிக்கை ஒட்டிட்டுப் பணக்காரன் வேஷமா? கப் வைக்கற குழிக்குத் தங்கக் கலர் வளையம் வேற! அப்படியே பல்லுக்கும் ஒண்ணு ஒட்டிக்க வேண்டியதுதானே? இப்படி ரசனை கெட்டவனுக்கா என் பொண்ணு?”

ஜியானின் காதுகள் சிவந்தன.

“வேலைவெட்டி இல்லாதவன்தான் உட்கார்ந்து இதையெல்லாம் ஒட்டுவான்.”

“ஜியான், வண்டியை ஓரமா நிறுத்து” என்றாள் யிங்.

கார் நின்றது.

“அப்பா, இது அவர் கார் இல்ல, என்னுது. போன மாசம் வாங்கினேன். மூணு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து ஒட்டினதும் நான்தான். பிடிக்கலைன்னா இறங்கிக்கங்க. மெட்ரோ பக்கத்துலதான் இருக்கு.”

தெஹாய் திகைத்துப்போய் ஜியானைப் பார்த்தார்.

“நீயாவது முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாப்பா?”

ஜியான் சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்தான்.

“வாங்க மாமா, சேர்ந்தே போவோம். முதல் நாள் நானும் இதையேதான் சொன்னேன். மெட்ரோவுக்கு எப்படி நடக்கறதுன்னு எனக்கு நல்லாத் தெரியும்.”