நீல பஸ்காரர்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் கேட்பதாக இருந்தால், ஒரு கக்கூஸ் பெட்டியை முன்னிட்டு ஒரு மனுஷன் வயிறெரிந்த கதையைச் சொல்கிறேன்.

"முடியாதுன்னா முடியாதுங்க. இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரியில ஊராருக்கெல்லாம் அள்ளிக் கொட்டியாச்சு. இனிமே பஸ்லயும் வந்து நான்தான் அள்ளணுமா? அப்படின்னா நீங்க மட்டும் போய்ட்டு வாங்க. நான் வீட்டுலயே இருந்துக்கறேன்" என்றாள் வாட்ச் ரிப்பேர்காரரின் மனைவி; ஆயா வேலையிலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தவள்.

அவருக்குத் திக்கென்றது. பழைய ஸ்கூல் பஸ் ஒன்றை வாங்கிப் பட்டறையில் விட்டு, கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் பொருத்தியாகிவிட்டது. இருவரும் அதிலேயே குடித்தனம் செய்துகொண்டு ஊர் ஊராகப் போவதாகப் பேச்சு. கழிப்பறை ஒன்றுதான் பாக்கி. அடியில் பெரிய தொட்டி வைக்க இடமில்லை என்று பட்டறைக்காரர் கையை விரித்துவிட்டார். மிஞ்சியவை இரண்டு. மரத்தூள் போட்டு மூடுகிற வாளி, இல்லாவிட்டால் சூட்கேஸ் மாதிரி உருவி எடுக்கிற பெட்டி. எதை வைத்தாலும் மூன்று நாளைக்கு ஒருமுறை யாராவது தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிக் கழுவ வேண்டும்.

அந்த 'யாராவது' தாம் இல்லை என்பதில் வாட்ச்காரர் உறுதியாக இருந்தார். தூசி பட்டாலே மூன்று தடவை கை கழுவுகிறவர்.

"ஒரு ஆள் வச்சுக்கலாம்மா."

"ஓடுற பஸ்ஸுக்குப் பின்னாடியே அந்த ஆளும் ஓடி வருவானா?"

அவர் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். அவள் காய் நறுக்கியபடியே மெல்ல ஆரம்பித்தாள்.

"நீல பஸ்காரர் எல்லாம் இப்படியா அலட்டிக்கிறார்?"

"யாரு அது நீல பஸ்காரர்?"

"அவருக்கும் பெட்டிதான். பொண்டாட்டியைக் கிட்டேயே விடமாட்டார். தானே உருவுவார், தானே தூக்கிட்டுப் போவார், தானே கழுவி வெயில்ல காய வைப்பார். மூக்கைச் சுளிக்கிறதே கிடையாது."

"எல்லாம் வெளிவேஷம்."

"இருக்கட்டுமே. அந்த வேஷம் போடவும் ஒரு மனுஷன் வேணும்ல?"

சுருக்கென்று தைத்தது.

மறுநாள் கடையில் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு ஒரு கடிகாரத்தைத் திறந்தார். பல் சக்கரம் தெரியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நெஞ்சு நிமிர்த்தி நடக்கும் ஒருவன்தான் தெரிந்தான். கடிகாரத்தை அப்படியே மூடி வைத்தார். மத்தியானம் சாப்பிட வந்தவர், தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்த ஆளுக்கு என்ன வயசிருக்கும்?"

"எந்த ஆளு?"

"அதான், உன் கக்கூஸ் கதாநாயகன்."

"உங்க வயசுதான் இருக்கும்."

"முடியெல்லாம் இருக்கா?"

"இருக்கிறதை நல்லா படிய வாரி வச்சுக்குவார்."

"உன்கிட்ட பேசுவானா?"

"பேசாமலா! சில நேரம் சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறே வலிச்சிடும்."

சொல்லும்போதே அவள் முகத்தில் ஒரு மலர்ச்சி. வாட்ச்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். முப்பது வருடம் கூடவே வாழ்கிறேன், என்னைப் பற்றி இவள் யாரிடமாவது இப்படி முகம் மலர்ந்து பேசியிருப்பாளா?

"அப்போ அவன் பஸ்லயே ஏறிப் போயேன்!"

"போகலாம்னுதான் இருக்கேன்" என்று தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

பாதித் தட்டிலேயே எழுந்தார். ஒரே ஒரு தடவை கை கழுவினார். நேரே பட்டறைக்குப் போய்த்தான் நின்றார்.

"பெட்டியே போட்டுடுங்க. நான்தான் கொட்டப்போறேன். நல்லா எழுதிக்குங்க!"

பட்டறைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கொட்டப்போகிறவர் யாரோ, அவர் முதலில் பெட்டி நிறையத் தண்ணீர் பிடித்து, பஸ்ஸிலிருந்து இறக்கி, பட்டறைக் கோடியில் இருக்கிற சாக்கடை வரை சுமந்து, கொட்டிக் கழுவிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் பொருத்துவார். வாயால் வீரம் பேசிவிட்டு, பத்தாம் நாள் 'கழற்றிக் கொடுங்க' என்று வந்து நின்ற புருஷன்மார்களை நிறையப் பார்த்தவர் அவர்.

"இருபது கிலோ இருக்கும் சார். பார்த்து."

"தள்ளுங்க."

தூக்கினார். தோள் ஒரு பக்கம் இறங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. ஆனாலும் கடிகாரத்தின் மயிரிழை ஸ்பிரிங்கைப் பிடித்துப் பழகிய கையல்லவா, வழியில் ஒரு சொட்டு சிந்தவில்லை. கொட்டினார். கழுவினார். பெட்டிக்குள் கைவிட்டு மூலை முடுக்கெல்லாம் துடைத்தார்.

"அடேயப்பா! இவ்வளவு சுத்தமா இங்க யாருமே செஞ்சதில்ல சார்."

வாட்ச்காரருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "யாருமேன்னா? நீல பஸ்காரர்கூடவா?"

"அது யாரு சார்?"

"பொண்டாட்டியைக் கிட்டே விடாம தானே பெட்டி கழுவுறவராமே. எங்க வீட்டுல பொழுது விடிஞ்சா அவர் புராணம்தான். வந்தா காட்டுங்க, ஆளை ஒரு பார்வை பார்க்கணும்."

பட்டறைக்காரர் தலையைச் சொறிந்தபடி, நின்றிருந்த வண்டிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு ஓரமாக அடுக்கியிருந்த பெயின்ட் டப்பாக்கள் கண்ணில் பட்டதும் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"நம்ம பட்டறைக்கு இதுவரைக்கும் நீல பஸ்ஸே வந்ததில்ல சார். உங்க பஸ்ஸுக்குத்தான் நாளைக்கு நீலம் அடிக்கப்போறோம், போன மாசமே உங்க வீட்டம்மா வந்து கலர் சொல்லிட்டுப் போனாங்க!"

உங்கள் வீட்டிலும் தூக்குகிற கைக்குக் குறைவே வராமல், ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் முகம் சுளிக்காமல், மணக்க மணக்க வாழுங்கள், கண்ணுகளா.