அம்மா பாஷை

"தே எஸ்தாபாமோஸ் எஸ்பெராந்தோ." பீங்கான் பொம்மைக்குக் கண் எழுதியபடியே விமலாராணி பத்தாவது தடவையாக முணுமுணுத்தாள்.

பக்கத்தில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த சொர்ணாம்பாளுக்குப் பயமாகிவிட்டது. "யாருக்குடி மந்திரம் ஓதுற?"

மந்திரமில்லை, ஸ்பானிஷ். 'உனக்காகத்தான் காத்திருந்தோம்' என்று அர்த்தமாம்.

டெக்சஸில் வேலை பார்த்த தம்பி சூசைநாதன் போன வருசம் கார் விபத்தில் போய்விட்டான். அடக்கமும் அங்கேயே முடிந்தது. அவன் மனைவி யோலாந்தா, தாத்தா காலத்திலேயே மெக்சிகோவிலிருந்து அங்கே குடியேறிய குடும்பத்துப் பெண். அவளும் எட்டு வயது மகள் நோராவும் வருசப் பூசைக்காக முதல்முறையாக விருத்தாசலம் வருகிறார்கள்.

நோராவுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. சொல்லிக்கொடுடா என்று கேட்டபோதெல்லாம் நேரமில்லைக்கா என்றே தம்பி காலத்தை ஓட்டிவிட்டான். அப்பன் பாஷைதான் போச்சு, அம்மா பாஷையிலாவது பிள்ளைக்கு அப்பனைப் பற்றிச் சொல்லலாம் என்று விமலாராணி ஆறு மாதமாகப் போனைப் பார்த்துப் படித்தாள்.

போனில் பேசும்போது யோலாந்தா மகளை இங்கிலீஷில்தான் அதட்டுவாள். நம்மூரில் இல்லாததா என்று விமலாராணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வந்துவிட்டார்கள். காரிலிருந்து இறங்கிய பிள்ளைக்குத் தம்பியின் அதே நெற்றி. விமலாராணி அவள் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு, தடுமாறாமல் சொன்னாள்.

"தே எஸ்தாபாமோஸ் எஸ்பெராந்தோ."

நோரா மிரண்டுபோய் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். தமிழ் என்று நினைத்துவிட்டாள் போல. விமலாராணி யோலாந்தாவைப் பார்த்து இன்னொரு தடவை, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

யோலாந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. விமலாராணிக்கு மனசு நிறைந்துபோனது. பட்ட பாடு வீணாகவில்லை.

யோலாந்தா மெதுவாக இங்கிலீஷில் பேசினாள். பத்தாவது வரைக்கும் படித்த விமலாராணிக்கே அது புரிந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் பேசி அடி வாங்கியவராம் அவள் அப்பா. பிள்ளைகளும் அடி வாங்க வேண்டாமென்று வீட்டில் அதை நிறுத்தியே விட்டாராம்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்க சொன்னதுக்கு என்ன அர்த்தம்?"