இடப்பக்கம் காலி

"இடப்பக்க ஏவுகுழல் பொருத்தப்படவில்லை" என்று சொல்லிவிட்டு ஹெலிகாப்டர் கிளம்ப மறுத்தது. ராக்கெட் ஏவும் குழல் அங்கேதான் இருந்தது. கார்பன் இழையில் செய்த புது ரகம். அவ்வளவு லேசாக இருந்ததால் எடையறியும் கருவிக்கு அது தெரியவில்லை. வெளியே மந்திரி காத்திருந்தார்.

"வலப்பக்கக் குழல் மட்டும் எப்படித் தெரியுது?" என்றார் விங் கமாண்டர் தேவசகாயம்.

டெக்னீஷியன் பூங்கோதை குரலைத் தாழ்த்தினாள். ஆயுதத்தில் எதைப் பூசினாலும் வேலை போய்விடும்.

"நேத்து ஆயுத பூஜை சார். அதுக்குச் சந்தனம் அப்பினேன். இதுக்கு வர்றதுக்குள்ள தீர்ந்துடுச்சு."

தேவசகாயம் இரண்டு குழல்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கேன்டீன்ல சந்தனம் இருக்குமா?"

"தேங்காச் சட்னிதான் சார் இருக்கும்."

தேவசகாயம் வெளியே நின்ற மந்திரியை எட்டிப் பார்த்தார்.

"கெட்டியா வாங்கிட்டு வாம்மா."