ஞாயிற்றுக்கிழமைக் கார்

"போன ஞாயிறு நானே என் கையால முடுக்கின ஸ்க்ரூ இது. இப்ப லொடலொடன்னு ஆடுது" என்றார் அவர், ஹெட்லைட்டைத் தொட்டுக்கொண்டே.

"வயசாகுதுல்ல, விடுங்க" என்றாள் மனைவி.

விடுகிற விஷயமா அது? தொழிற்சாலையில் நாற்பது வருடம் ஃபிட்டர். அவர் முடுக்கினால் ஆனை இழுத்தாலும் அசையாது என்று பேர் வாங்கியவர். ஓய்வு பெற்றதும், அறுபது வருடத்துக்கு முந்தைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை அச்சு அசலாக வீட்டு ஷெட்டில் கட்ட ஆரம்பித்தார். அசலை வாங்கத் தெருவையே விற்கவேண்டும். இதுவோ காயலான் கடை எஞ்சின், ஃபைபர் பாடி, மிச்சமெல்லாம் கைவேலை.

ஆறு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத மகன், காரின் படத்தைப் பார்த்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டான். ஞாயிறு தவறாமல் பக்கத்து ஊரிலிருந்து வந்தான். முதல் ஓட்டத்தில் அவனும் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது அவர் ஆசை.

வேலை முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. ஆனால் ஞாயிறு காலை ஏறி உட்கார்ந்தால் ஏதாவது ஒன்று கழன்றிருக்கும். ஒரு வாரம் ஹெட்லைட், மறுவாரம் கார்பரேட்டர், அப்புறம் கதவுக் கீல்.

"பழைய சாமான்ல கட்டினா அப்படித்தாம்ப்பா. சரி பண்ணிடலாம்" என்பான் மகன், குனிந்தபடியே.

அவர் மட்டும், முடுக்கினோமா இல்லையா என்று ராத்திரியெல்லாம் யோசித்தார். இதே வயதில்தான் அவருடைய அண்ணன், தான் பெற்ற பிள்ளைகளையே மறந்துபோனார்.

புதன்கிழமை டாக்டரைப் பார்க்கக் கிளம்பியவர், மூக்குக்கண்ணாடியை மறந்து பாதி வழியில் திரும்பினார். ஷெட்டில் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக மனைவி உட்கார்ந்திருந்தாள்.

அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"வண்டி ஓடிடுச்சுன்னா அவன் எதுக்கு வரப்போறான்?" என்றவள் அழுதுவிட்டாள்.

கோபம் வரவில்லை. மூளை நன்றாக இருக்கிறது என்ற நிம்மதிதான் வந்தது.

"அதுக்காக கார்பரேட்டரையுமா கழட்டுவே?"

"அது எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதுங்க. நான் கை வெச்சது லைட்டுல மட்டும்தான்."

வந்த நிம்மதி வந்த வழியே போயிற்று. அப்படியென்றால் மற்றதெல்லாம்? டாக்டரிடம் போகத்தான் வேண்டுமோ?

ஞாயிறன்று அப்பாவும் மகனும் எல்லாவற்றையும் மறுபடி முடுக்கினார்கள். சாயங்காலம், ஊருக்குக் கிளம்புமுன் மகன் குளிக்கப் போனான். அவன் கழற்றிப் போட்ட கிரீஸ் சட்டையைத் துவைக்கப் போட எடுத்து உதறினார் அவர். பையிலிருந்து இரண்டு கார்பரேட்டர் ஸ்க்ரூக்கள் தரையில் விழுந்தன.

பொறுக்கி எடுத்தவர், மகன் வரும் சத்தம் கேட்டதும் அவசரமாக அதே பையில் அவற்றைப் போட்டுவிட்டு, "அடுத்த ஞாயிறும் வேலை இருக்கும் போலிருக்கேடா" என்றார்.