நானூற்றுப் பன்னிரண்டு பள்ளங்கள்

"ஆட்டுக்குட்டி சைஸ் ஆலங்கட்டி! கார்ல நானூத்திப் பன்னெண்டு பள்ளம். அத்தனையையும் கரண்டிக் காம்பால நெம்பியே எடுத்துட்டேன், விளக்குகூடப் போடாம!" என்றார் கனடாவின் கால்கரி நகரத்து ஓய்வுபெற்ற பேக்கரிக்காரர் வெண்டல்.

கார் முழுக்க வண்ண ஸ்டிக்கர் ஒட்ட வந்த டாரில் சிரித்தான். "அளக்காதீங்க பெரியவரே. ஒரு பள்ளம் இருந்தாலும் ஸ்டிக்கர் காட்டிக்கொடுத்துடும். நான் ஒட்ட மாட்டேன்."

"ஒட்டலேன்னா என் பெண்டாட்டி இதைப் பழைய இரும்புக்குப் போட்டுடுவாப்பா!"

பள்ளமிருந்தால் நிழல் விழுமென்று டாரில் விளக்கைச் சாய்த்து அங்குலம் அங்குலமாகத் தேடினான். கார் உறங்கும் ஏரிபோல் கிடந்தது.

"விளக்கில்லாம பள்ளத்தை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

வெண்டலின் உள்ளங்கை கனவில் மிதப்பதுபோலக் காரின் கூரைமேல் நகர்ந்தது. "மாவு பிசைஞ்ச கை, இதுக்குத் தெரியும்." சுவரோரம் துழாவி வெள்ளைக் கைத்தடியை எடுத்தார். "விளக்கு எனக்கு எதுக்குப்பா?"

டாரில் விளக்கை அணைத்தான். கண்ணை மூடித் தானும் தடவிப் பார்த்தான்.

"நிஜம்தான் பெரியவரே. ஒண்ணுகூட இல்ல."