ஒரே ஓர் எழுத்து

“கேன்னா என்னம்மா அர்த்தம்?” என்று விளக்குக் கடை முதலாளி கேட்டதும் பில் போடும் பெண் திடுக்கிட்டாள். காலமெல்லாம் பல்பு விற்கிற மனுஷன் கேட்கிற கேள்வியா இது?

“வெளிச்சத்தோட நிறம் முதலாளி. மூவாயிரம் கேன்னா மஞ்சள், ஆறாயிரம் கேன்னா வெள்ளை. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?”

“பல்புல இல்லம்மா, மெசேஜ்ல.” போனை நீட்டினார்.

அவர் மகளுக்கு அனுப்பியது தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. கடைக்குப் புது போர்டு மாட்டியது, மாடிக் குழாய் ஒழுகுவது, அவள் அறைக்கு மஞ்சள் விளக்குப் போட்டது, கடைசியில் வழக்கம்போல ‘இப்படிக்கு, அன்புள்ள அப்பா’. அதற்குக் கீழே மகளின் பதில்: K.

பில் போடும் பெண் உதட்டைப் பிதுக்கினாள். “எங்க செட்டுல இப்படி வந்தா கோவமா இருக்காங்கன்னு அர்த்தம். ஓகேல இருக்கிற ஓவைக்கூடப் போட மனசு வரல பாருங்க.”

அவருக்குச் சுருக்கென்றது. வெளியூர் வேலைக்கு மகள் கிளம்பியபோது, “போனா அப்படியே போயிடு!” என்று வாசலில் நின்று கத்தியவர் இவர்தான். அவளும் அப்பன் பேச்சைத் தட்டாமல் அப்படியே போய்விட்டாள். அன்றிலிருந்து ‘வா’ என்ற ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதித் தள்ளுகிறார்.

வீட்டுப் படியில் மாடி வீட்டு நர்ஸைப் பிடித்தார். “ரத்த டெஸ்ட்ல கேன்னா பொட்டாசியம் அண்ணே. கொறஞ்சா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும்” என்றாள் அவள். அவருக்கு இப்போதே அடித்துக்கொண்டது.

“கேன்னா ஆயிரம். பாப்பா சம்பளத்தைப் பத்தி ஏதாவது கேட்டீங்களா?” என்றான் அவள் புருஷன். அவனுக்கு எப்போதும் அடுத்தவர் சம்பளத்தின் மேல்தான் கண்.

உள்ளே மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எனக்கெதுக்கு அந்தச் சனியன் என்று தனக்கு ஒரு போன்கூட வைத்துக்கொள்ளாதவள். “ஒரே ஓர் எழுத்து. அதுக்குப் போயி ஊரையே கூட்டிட்டீங்களே!” என்றாள்.

“உனக்கென்ன, பேசுவே. அவ என்னை வெறுத்துட்டாடி.”

“பேசாம, வாம்மான்னு எழுதுங்களேன்.”

“நான் ஏன் எழுதணும்? போகத் தெரிஞ்சவளுக்கு வரத் தெரியாதா?”

“நல்லா இருக்கு நியாயம். போனைக் குடுங்க, சார்ஜ் போடுறேன்.” அவர் கொடுத்துவிட்டு, சாப்பிடாமலே போய்ப் படுத்துக்கொண்டார்.

விடிந்தும் விடியாததுமாக, தூக்கம் வராமல் எழுந்து, மகள் அறையில் ஸ்டூல் மேல் ஏறி அந்த மஞ்சள் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாசல் கதவு படபடவென்று தட்டப்பட்டது. யார் திறந்தார்களோ, அடுத்த நொடி கலைந்த தலையும் தோள் பையுமாக மகள் ஓடி வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

“அப்பா! உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?”

“எனக்கென்ன கண்ணு? நீ எப்படி...”

“பக்கம் பக்கமா எழுதுற மனுஷன் திடீர்னு வெறும் கே அனுப்பினா நான் என்னன்னு நெனைக்கிறது? டைப் பண்ணும்போதே நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு விழுந்துட்டீங்கன்னு நெனைச்சேன். திருப்பிக் கூப்பிட்டா ஸ்விட்ச் ஆஃப்! பஸ்ல வரும்போது உயிரே இல்லப்பா எனக்கு.” விசும்பி விசும்பி அழுதாள். அவருக்கும் கண் நிறைந்துவிட்டது. எத்தனை மாதம் கழித்து அந்த முகத்தைப் பார்க்கிறார்!

“நான் எதுவும் அனுப்பலையேம்மா. போன் நேத்தே உங்கம்மாகிட்ட...” என்று ஆரம்பித்தவர், அப்படியே நிறுத்திவிட்டு வாசற்படியைப் பார்த்தார்.

தட்டில் மூன்று தம்ளர் டீயோடு மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

“ஒரே ஓர் எழுத்து. அதுக்குப் போயி அப்பாவும் பொண்ணும் இப்படி அழுவீங்களா?”