திப்பழத்தின் வாசனை

பிக் லியன் அக்கா இருபது வருஷம் மேடையில் பாடி நடித்துவிட்டு சினிமாவுக்கு வந்தவர். அன்று சைகோனில் பகல் படப்பிடிப்பு. அவருக்குப் பிள்ளையில்லாத விதவை வேஷம். படையல் தட்டில் வைக்க, உடையும் சாமானும் பார்த்துக்கொள்ளும் நான் சந்தையிலிருந்து திப்பழம் வாங்கி வந்திருந்தேன். சின்ன மஞ்சள் பழம்தான், கூடமெல்லாம் மணத்தது.

தட்டைப் பார்த்ததும் அக்கா நின்றுவிட்டார்.

"யாருடி இதைக் கொண்டுவந்தது?"

"நான்தான்க்கா. வாசனையா இருந்துச்சு."

"நாடகக்காரி இருக்கிற இடத்துக்கு இதைக் கொண்டுவருவாங்களா? நாடகம் பாக்க வந்து செத்துப்போன ரெண்டு இளவரசப் பிள்ளைங்கதான் எங்களுக்குச் சாமி. இந்த வாசனைக்கு அதுங்க பின்னாடியே வந்துரும்."

"இது சினிமாதானே அக்கா."

"அதுங்களுக்கு அது தெரியுமா?"

பழத்தை நானே எடுத்துப்போய் வெளியே வீசினேன். காட்சி தொடங்கியது. அக்கா நடந்து வந்தார். கூடத்தில் காற்றே இல்லை. ஆனால் அவருடைய வெள்ளை அங்கி இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் இழுபட்டு விறைப்பாக நின்றது. துணியைச் சரிசெய்யச் சொல்லி இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். நான் போகவில்லை.

சாயங்காலம் அக்கா தன் காரின் பின்கதவைத் திறந்து, ஏறாமல் ஒதுங்கி நின்றார். காலியாக இருந்த கார் லேசாக அமுங்கியது. அவர் இன்னும் காத்திருந்தார். இரண்டாவது தடவை அமுங்கவில்லை.

மெதுவாகத் திரும்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் இடுப்புக்குப் பக்கத்தில் பார்த்தார்.

"நீ கையைக் கழுவினியாடி?"